ஆலாக்குஞ்சுக்குக் காப்புக் கட்டவில்லை

ஓர் இறகை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

கடற்கரை ஊர் ஒன்றில் நான் மேற்படிப்புப் படிக்கிற துறையின் ஆய்வறை. மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் எட்டுக் குஞ்சுகளைக் கிடத்தியிருந்தோம். எல்லாம் ஆலாக்கள், கடலில் மீன் பிடித்துத் தின்னும் பறவையின் குஞ்சுகள். பறக்க வேண்டிய வயது வந்தும் பறக்காமல் கரையிலேயே செத்துக் கிடந்தவை. அவற்றின் எலும்புகளை அளந்து குறித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதையும் பொறுமையாகச் செய்ய வராது. இரண்டாவது குஞ்சை அளந்துகொண்டிருக்கும்போதே நான்காவதைத் திருப்பிப் பார்த்துவிடுவேன். அன்றும் அப்படித்தான். ஆய்வை வழிநடத்தும் எங்கள் மேடம் என் கையைத் தட்டிவிட்டு, ஒரு குஞ்சின் சிறகிலிருந்து இறகு ஒன்றை உருவி நீட்டினார்.

"முதல்ல இதை வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு."

பிடித்தேன். சாம்பல் நிற இறகின் குறுக்கே, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் மெல்லிய கோடுகள். கோடு என்றால் கருப்பாக அல்ல. அந்த இடத்தில் இறகு நைந்துபோய் அதன் வழியாக வெளிச்சம் தெரிந்தது.

"இறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமா வளருது. சாப்பாடு சரியில்லாம போற நாள்ல வளர்ற பகுதி இப்படி மெலிஞ்சுடலாம். அப்புறம் எவ்வளவு நல்லா சாப்பிட்டாலும் அந்த இடம் அப்படியேதான் இருக்கும்" என்றார் மேடம்.

நான் இறகைக் கீழே வைக்கவில்லை. என் விடுதி அறையில், பெட்டியின் அடியில், பழைய ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று இருக்கிறது. அதற்குள் பதினான்கு வருடமாக ஓர் இறகு. ஊரிலிருந்து திருக்கோவிலூர்ப் பள்ளிக்கூடத்துக்கும், அங்கிருந்து கல்லூரிக்கும், அங்கிருந்து இந்தக் கடற்கரைக்கும் என்னோடு வந்த இறகு. அதை ஒரு நாளும் நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை. மேடத்திடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கையுறையைக்கூடக் கழற்றாமல் விடுதிக்கு ஓடினேன். அங்கே பார்த்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்த இறகு யாருடையது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில், தென்பெண்ணையின் கரையில். ஒரு பக்கம் ஆறு, மற்ற பக்கமெல்லாம் கரும்பு. அந்தக் கரும்பில் ஒரு தோகைகூட எங்களுடையது இல்லை. அப்பா அதை வெட்டுவார், கட்டுவார், லாரியில் ஏற்றுவார். அம்மா ஊர்ப் பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சமைப்பாள். அப்போது இரண்டரை வயதில் எனக்கு ஒரு தம்பி. தினமும் சாயங்காலம் தவறாமல் வந்து, அம்மா கையால் டீ குடித்துவிட்டு எல்லோரையும் கிண்டல் செய்துவிட்டுப் போக ஒரு மாமா, அம்மாவின் தம்பி.

மாமாவின் கிண்டலுக்கு நிரந்தரப் பொருள் அப்பாவின் கால்கள். அப்பாவுக்கு இரண்டு காலும் வில்லாக வளைந்தவை. பாதங்களைச் சேர்த்து வைத்து நின்றால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு பரங்கிக்காய் புகுந்து வெளியே வரும். நடக்கும்போது உடம்பு ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் சாயும். "ஒங்கப்பா பொறக்கசொல்லவே குதிர மேல ஒக்காந்துக்கினுதான் பொறந்தாரு. குதிரய அவுத்துட்டாங்க, கால மட்டும் அவுக்க மறந்துட்டாங்க" என்பார் மாமா. அப்பாதான் முதலில் சிரிப்பார். நான் அதை நம்பினேன். வகுப்பில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அப்பாவிடம் இன்னொரு விசேஷமும் உண்டு. வீட்டில் குச்சிக்கிழங்கு (மரவள்ளிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) வேகும் நாளில் அவர் வெளியே போய்விடுவார். கிழங்கு வாசனை அடங்கிய பிறகுதான் உள்ளே வருவார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய அப்பா அம்மா சின்னசேலம் பக்கம் கிழங்கு பிடுங்கும் வேலைக்குப் போய், அவரையும் வைத்துக்கொண்டு சில வருடம் அங்கேயே கிடந்தார்களாம். அம்மா சொல்லித்தான் தெரியும். எனக்கோ வேகவைத்த குச்சிக்கிழங்கும் வெல்லமும் என்றால் உயிர். இவ்வளவு ருசியான பண்டத்தைத் தின்னத் தெரியாத மனிதரைப் பார்த்து எனக்குப் பாவமாக இருக்கும். அவருடைய பங்கையும் சேர்த்துத் தின்பேன்.

நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த அந்தச் சித்திரையில் அப்பா கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டார். தம்பி பிறந்து சில மாதம் பிழைப்பானா என்கிற நிலையில் கிடந்து தேறியவன். அவன் நடக்கத் தொடங்கினால் தீ மிதிப்பதாக அப்பாவுக்கு வேண்டுதல். எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் கோயிலில் காப்புக் கட்டிய நாளிலிருந்து தீமிதி வரை பதினெட்டு நாள். மணிக்கட்டில் மஞ்சள் கொம்பு கட்டிய கயிறு ஏறிவிட்டால் அதற்கு அப்புறம் ஒரு வேளைச் சாப்பாடு, பாயில்லாத் தரை, காலையில் ஆற்றில் முழுக்கு. கட்டிக்கொண்டவருக்கு மட்டுமல்ல, ஊருக்கே கவுச்சி கிடையாது. மீன், கறி, முட்டை எதுவும் எந்த வீட்டு அடுப்பிலும் ஏறாது. மீன்காரர் சைக்கிள் ஊர் முனையிலேயே திரும்பிப் போய்விடும். யாராவது மீறினால் அது தீ மிதிப்பவரின் காலில் தெரியும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது தம்பியின் உடம்பிலும் தெரியும் என்று நான் பயந்தேன்.

காப்புக் கட்டும் நாளன்று கரகத்துக்குத் தண்ணீர் எடுக்க ஊரே ஆற்றுக்குப் போயிற்று. சித்திரை வெயிலில் ஆறு அங்கங்கே குட்டையாக நின்றது. நடுவில் பெரிய மணல் திட்டு. மேளம் முழங்க, நாங்கள் பிள்ளைகள் திட்டின்மேல் ஓடினோம். வெள்ளையாகச் சில பறவைகள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றின. அவற்றுக்கு எங்கள் ஊரில் பெயர் கிடையாது. ஆற்றில் வெள்ளையாக எது இருந்தாலும் கொக்குதான். ஆலா என்ற பெயரை நான் கல்லூரியில்தான் கேட்டேன்.

என் காலடியில் மணல் நகர்ந்தது. குனிந்து பார்த்தால் அது மணல் இல்லை; மணல் நிறத்தில் ஒரு குஞ்சு. வயிறு மணலோடு ஒட்ட, கழுத்தை நீட்டி, செத்ததுபோல் கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. அதற்குள் இரண்டு பறவைகள் என் தலையை நோக்கிப் பாய்ந்தன. ஒன்று என் உச்சியில் கொத்தியேவிட்டது. குஞ்சைக் கொத்திக் கொல்லத்தான் வருகின்றன என்று நினைத்தேன். பாவாடையில் மூடிக்கொண்டு கரைக்கு ஓடினேன். அவை கரைவரைக்கும், கரும்புவரைக்கும் கத்திக்கொண்டே துரத்தின. இரண்டு கொலைகாரர்களிடமிருந்து ஓர் அநாதையைக் காப்பாற்றிவிட்டதாக அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அவை அதன் தாயும் தகப்பனும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"இன்னாடி இது, மண்ணுக்குக் கண்ணு வெச்சு எடுத்துக்கினு வந்துட்ட?" என்றார் மாமா.

அப்பா புதுக் காப்போடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "இது மீனு துன்ற ஜாதியாச்சே" என்று மட்டும் சொன்னார். அம்மா உடனே கையை உதறினாள். "காப்பு கட்டியிருக்கசொல்ல மீனு கீனுன்னு வாயில கூட எடுக்காதீங்க. இருக்கறதப் போடு பாப்பா. துன்னாத் துன்னட்டும்."

சோறு போட்டேன், உமிழ்ந்தது. பொரி போட்டேன், பார்க்கவேயில்லை. வெட்டுக்கிளி பிடித்துப் போடலாமா என்று கேட்டதற்கு, இந்தப் பதினெட்டு நாளும் உயிரைக் கொல்லும் வேலையே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். இரண்டாவது நாள் குஞ்சின் தலை தொங்கத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு அந்தப் பிரமாதமான யோசனை வந்தது.

பால்வாடியில் தம்பிக்குக் கொடுத்த சத்துமாவுப் பொட்டலம் பரணில் இருந்தது. எடை குறைந்த பிள்ளைகள் அதைத் தின்று எடை ஏறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். விடுமுறையில் நான்தான் அம்மாவோடு போய்ப் பிள்ளைகளைத் தராசில் தூக்கிப்போட உதவுவேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டைகள். எடைக்கு ஏற்பப் புள்ளி வைப்பார்கள். புள்ளி பச்சையில் விழுந்தால் பிள்ளை நன்றாக வளருகிறது. உலகத்தில் உயிரோடு இருக்கும் எல்லாவற்றுக்கும் இதுதான் சட்டம் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

மாவைத் தண்ணீரில் பிசைந்து, புளியங்கொட்டை அளவு உருட்டி, அலகைத் திறந்து உள்ளே தள்ளினேன். முதலில் திமிறியது. மூன்றாம் நாள் விழுங்கியது. நான்காம் நாள் நான் வருவதைப் பார்த்ததும் தானே வாயைத் திறந்தது. அந்தச் சிவந்த வாய் எனக்காகத் திறந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை, பிறகு வாங்கிய எந்த மதிப்பெண்ணும் தந்ததில்லை.

"கொக்குக்கு லட்டு புடிச்சுக் குடுக்கற மொத ஆளு நீதான்" என்றார் மாமா. "இன்னும் கொஞ்சம் நாளு போனா அது பறக்காது. உருளும்."

நான் அவரைச் சட்டை செய்யவில்லை. குச்சியின் இரண்டு முனையிலும் கொட்டாங்கச்சி கட்டித் தராசு செய்தேன். ஒரு கொட்டாங்கச்சியில் குஞ்சு, மறு பக்கம் ஆற்றுக் கூழாங்கல். நோட்டின் பின்பக்கத்தில் கிரேயானால் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டை தீட்டி, தினமும் புள்ளி வைத்தேன். முதல் நாள் ஒன்பது கல். ஐந்தாம் நாள் பன்னிரண்டு. எட்டாம் நாள் பதினைந்து. வயிறு உருண்டு, கனமாக, சூடாக, என் உள்ளங்கையில் உட்கார்ந்தது. சிறகில் நீளமான இறகுகள் குழாய் குழாயாக முளைத்து வந்தன. புள்ளிகள் எல்லாம் பச்சையில். அதை அம்மாவிடம் காட்டினேன். அம்மா பால்வாடிப் பிள்ளைகளின் அட்டையைப் பார்க்கும் அதே முகத்தோடு பார்த்து, "நல்லாத்தான் ஏறுது" என்றாள்.

குஞ்சு நடப்பதில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. வயிறு நிறைந்த பிள்ளை எதற்கு நடக்க வேண்டும்?

பதினோராம் நாள் சாயங்காலம். வாசலில் சாக்கை விரித்துக் குஞ்சை விட்டிருந்தேன். எழுந்து நிற்கப் பார்த்தது. இரண்டு காலும் நடுவில் வில்லாக வெளியே வளைந்து, உடம்பு ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் சாய்ந்து, நாலு எட்டு வைத்து உட்கார்ந்துவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்த மாமாவுக்குப் புரையேறியது. அப்பாவை அவர் கூப்பிடுவதும் மாமா என்றுதான்.

"யக்கா, இங்க வந்து பாரு! மாமா மாரியே நடக்குது! அச்சு அசலா மாமாவேதான்! ஏன் மாமா, ஒங்க வமுசத்துல எங்கனா கொக்கு இருக்குதா?"

அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். தம்பி எதற்கென்று தெரியாமல் கை தட்டினான். முதலில் சிரிக்க வேண்டியவர் சிரிக்கவில்லை.

அப்பா எழுந்து வந்து குஞ்சைக் கையில் எடுத்தார். கரும்புத் தோகை அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரலால் அதன் காலை மேலிருந்து கீழாகத் தடவினார். சிறகை விரித்துப் பார்த்தார். ஒரு சிறகு மட்டும் முனையில் வெளிப்பக்கமாகத் திருகிக்கொண்டு நின்றது. மாமாவின் சிரிப்பு தானாகவே அடங்கிப்போயிற்று.

"வந்ததுலேந்து இந்த மாவேதானா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம்ப்பா. பதினேழு கல்லு ஏறியிருக்குது" என்று நோட்டை நீட்டினேன்.

அப்பா நோட்டைப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் கண் விழித்தால் கூடை காலியாக இருந்தது. அப்பா ஆற்றில் முழுகப் போயிருந்தார். பூனை தூக்கிவிட்டது என்று அழுதுகொண்டே அவரிடம் சொல்ல ஓடினேன். கரையில் அவர் வேட்டி இருந்தது, அவர் இல்லை. ஆற்றைக் கடந்து, அக்கரை ஓரத்துக் குட்டையில், முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்றுகொண்டிருந்தார். துண்டை நீருக்குள் வலையாக விரித்து மெல்லத் தூக்கினார். துண்டில் வெள்ளி வெள்ளியாகக் கெண்டைப் பொடி துடித்தது. பக்கத்துப் பாறையில் என் குஞ்சு. ஒரு மீனை வாலைப் பிடித்து நீட்டினார். இத்தனை நாள் மாவு உருண்டை மட்டும் தின்ற குஞ்சு அதை ஒருமுறை தலை சாய்த்துப் பார்த்தது. அடுத்த நொடி மீனைக் காணோம். முள்ளோடு, தலையோடு, முழுசாக.

என்னைப் பார்த்ததும் அப்பா திடுக்கிடவில்லை. அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு நனைந்து ஒட்டியிருந்தது. அதில் ஒரு மீன் செதில்.

"ப்பா, காப்பு" என்றேன்.

அப்பா கயிற்றைப் பார்த்தார். செதிலை நகத்தால் எடுத்து நீரில் விட்டார்.

"காப்பு எனக்குத்தான கட்டியிருக்குது. இதுக்கா கட்டுனாங்க?" என்றார். இன்னொரு மீனை எடுத்தார். "வளரசொல்லத் துன்னாதான் பாப்பா. அப்பால துன்னு இன்னாத்துக்கு?"

வீட்டுக்கு வரும் வழியில், அம்மாவிடம் சொல்லாதே என்றுகூட அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதற்கு அப்புறம் ஆறு நாளும் காலையில் கூடை காலியாகும், பிறகு நிரம்பும். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். குஞ்சின் எச்சம் நிறம் மாறியதை அம்மா பார்த்திருக்க வேண்டும். கூடையைத் தினமும் அவளே கழுவி வைத்தாள்.

தீமிதி அன்று சாயங்காலம் குண்டத்தில் கட்டை எரிந்து, கங்கு சிவப்பாகப் பரந்து கிடந்தது. நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கயிற்றுக்குப் பின்னால் நின்றேன். வரிசையில் அப்பா ஏழாவது. மற்றவர்கள் ஓடிக் கடந்தார்கள். அப்பாவால் ஓட முடியாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து, எப்போதும் நடப்பதுபோலவே, முழு நீளத்தையும் நடந்தார். என் தம்பியின் தொடையை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்றால் அவன் வீறிட்டு அழுதான்.

பால் குழியில் கால் நனைத்து ஏறியபோது அப்பாவின் இடது பாதத்தில் எலுமிச்சம்பழம் அளவு கொப்புளம்.

பூசாரி பார்த்துவிட்டார். "இன்னாப்பா, எங்கன தப்பு பண்ண?"

"தெரிலிங்களே சாமி" என்றார் அப்பா.

"தப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. வளஞ்ச காலு, மத்தவங்கள விட ரெண்டு எட்டு ஜாஸ்தி வெச்சிருப்பாரு" என்றார் மாமா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் இந்தத் தடவை சிரித்தார். சிரித்துக்கொண்டே கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அந்தக் கொப்புளத்தைக் கொண்டுவந்தவள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வாரம் முழுக்கத் தம்பியின் நெற்றியை மணிக்கொருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் சத்துமாவு தீர்ந்துபோனதுதான் ஆன ஒரே நஷ்டம்.

காப்பு அவிழ்த்த பிறகு வெளிப்படையாகவே மீன் வந்தது. குஞ்சின் கால் கொஞ்சம் உறுதியானது. வளைவு மட்டும் போகவில்லை. வைகாசியில் ஒரு நாள் அதைத் திட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம். அதன் வயதுக் குஞ்சுகள் தண்ணீருக்கு மேலே பறந்து, விழுந்து, மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தன. எங்கள் குஞ்சு சாய்ந்து சாய்ந்து ஓடியது. இரண்டு சிறகையும் தூக்கியது. ஒன்று காற்றைப் பிடித்தது, திருகிய சிறகு பிடிக்கவில்லை. ஒரு பக்கமாகச் சுழன்று மணலில் முகம் குத்தி விழுந்தது. மறுபடி ஓடியது. மறுபடி விழுந்தது. எத்தனை தடவை என்று அன்று எண்ணினேன். இப்போது சொல்ல விருப்பமில்லை. கடைசியில் அப்பாதான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. அந்த இரைச்சல் கேட்டுக் கூடைக்குள் இரண்டு நாள் ஓயாமல் சிறகடித்தது. மூன்றாம் நாள் காலையில் சிறகு எலும்பு ஒடிந்து செத்துக் கிடந்தது. அடித்ததால்தான் ஒடிந்தது என்றுகூடச் சொல்ல முடியாத அளவு மெல்லிய எலும்பு அது. அப்பா கரையில் குழி தோண்டினார். மூடுவதற்கு முன்னால் நான் ஓர் இறகைப் பிடுங்கிக்கொண்டேன்.

விடுதியில், கையுறையோடு, அந்த இறகைத்தான் ஜன்னலுக்கு எதிரே பிடித்தேன்.

இறகின் நுனிதான் முதலில் வளர்ந்தது, அடிப்பக்கம் கடைசியில். நுனிப் பக்கத்தில் கோடு கோடாக, ஒன்றன்பின் ஒன்றாக, நைந்த பட்டைகள். என் பச்சைப் புள்ளிகள் ஏறிக்கொண்டே போன நாட்கள் அவை. எடை ஏறிய அதே வேகத்தில் அதற்குள் எலும்பு பட்டினி கிடந்திருக்கிறது. மாவு வயிற்றை நிரப்பியது, உடம்பைப் பெருக்கியது. அந்த உடம்பைத் தாங்க வேண்டிய எலும்புக்கு மீன் முள்ளில் இருந்த சுண்ணாம்புச்சத்து மாவில் போதவில்லை. கனம் கூடக் கூட, பச்சை மூங்கில் மாதிரி கால் வளைந்தது. கடற்கரையில் எங்கள் மேசைமேல் கிடந்த எட்டுக்கும் ஏறக்குறைய இதே கதைதானோ என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெற்றவை நல்ல மீன் கிடைக்காமல் எதையோ கொண்டுவந்து ஊட்டியிருக்கலாம். ஊட்டியவை பாசத்தோடுதான் ஊட்டியிருக்கும். என்னைப் போலவே.

ஆனால் நான் உட்கார்ந்துவிட்டது அதற்காக அல்ல. இறகின் பாதிக்குக் கீழே, ஓர் இடத்தில், கோடுகள் நின்றுபோயின. அதற்கு அப்புறம் அடிவரைக்கும் ஒரு நைவுகூட இல்லை. கெட்டியான, பளபளக்கிற, முழு இறகு. அது எந்த விடியற்காலை என்று எனக்குத் தெரியும். முழங்கால் தண்ணீரில் துண்டை விரித்துக்கொண்டு ஒருவர் குனிந்து நின்ற காலை. ஓர் இறகை வைத்துக்கொண்டு எதையும் நிரூபித்துவிட முடியாது என்று மேடம் சொல்வார். சரிதான். ஆனால் எனக்கு யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

அப்பா அன்று குஞ்சின் காலைத் தடவியபோது பார்த்தது எந்தக் காலை? சின்னசேலம் பக்கத்துக் காட்டில், எலும்புக்கு வேண்டிய வெயிலுக்குக் குறைவில்லாத இடத்தில், மூன்று வேளையும் குச்சிக்கிழங்கு தின்று வயிறு நிறைந்து உட்கார்ந்திருந்த ஒரு சிறுவனின் காலையா? அவனையும் யாராவது தூக்கிப் பார்த்து, நல்லாத்தான் இருக்கிறான் என்று சொல்லியிருப்பார்களா? தம்பிக்காக வேண்டிக்கொண்ட காப்போடு, தம்பிக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தோடு, அவர் ஆற்றைக் கடந்ததற்கு ஒரு குஞ்சுமேல் வைத்த இரக்கம் மட்டும்தான் காரணம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவர் பங்குக் கிழங்கையும் சேர்த்துத் தின்றவள் நான்.

போன வாரம் அப்பாவிடம் போனில் பேசினேன். திட்டுக்கு அந்த வெள்ளைப் பறவைகள் வந்துவிட்டனவா என்று கேட்டேன். "வந்துட்டுதுங்க பாப்பா. நாலஞ்சு ஜோடி இருக்கும். நாய் போவாம பாத்துக்கினுதான் இருக்கறேன்" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இந்தச் சித்திரைக்கு ஊருக்குப் போகிறேன். அனுமதிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. கரையிலிருந்து தொலைநோக்கி வழியாக, எந்த ஜோடி எந்த மீனை ஒரு நாளைக்கு எத்தனை தடவை குஞ்சுக்குக் கொண்டுவருகிறது என்று குறிக்கப்போகிறேன். திட்டின்மேல் கால் வைக்க மாட்டேன். எந்தக் குஞ்சு அநாதையாகக் கிடந்தாலும் தொட மாட்டேன். பருவம் முடிந்து அவை பறந்துபோன பிறகு, உதிர்ந்து கிடக்கும் இறகுகளை மட்டும் பொறுக்குவேன்.

அதற்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் என்ன தின்றாய் என்று அப்பாவிடம் நேராகக் கேட்டால் சிரித்துவிட்டுக் குதிரைக் கதையைச் சொல்லிவிடுவார். அதனால் எதுவும் கேட்கப்போவதில்லை. ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, இறகை அவர் கையில் கொடுத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருப்பா என்று மட்டும் சொல்லப்போகிறேன். கோடுகள் எங்கே நிற்கின்றன என்று அவரே கண்டுபிடிக்கட்டும்.